இரண்டு ஆணி, இருபத்தொரு இலை

ஆகஸ்ட் 16, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். குஷாய்குடாவிலிருந்து சனத்நகர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். ரேஷ்மாவின் ஷெட்டில் மூன்றாவது வகுப்பு.

ஷெட் அவள் மாமாவுடையது. வாரநாளில் ஏசி குழாய்க்குத் தகடு வளைக்கிறார்கள். ஞாயிறு மெஷின் ஓடாது. அவள் ஆறேழு பேரை உட்காரவைத்து, தகட்டை மடித்துத் தட்டி உருவம் எடுக்கக் கற்றுத் தருகிறாள். வயது இருபத்தெட்டு இருக்கும். அம்மா ஊர் ஆம்பூர். அதனால் தமிழ் வரும், நடுவில் ஆமாம், வேண்டாமுக்கு ஹவ், நக்கோவும் வரும். வகுப்பில் சேர்ந்தது உண்மையில் மீனு. ஒரே நாளில் "போரிங், அம்மா" என்று விட்டாள். மகள் விட்ட இடம் காலியாகக் கிடக்கிறதே என்று நான் போனேன். கலை ஆர்வமெல்லாம் இல்லை.

இன்று செம்பு இலை. குறித்துக்கொள்ள:
– தகட்டை இரண்டாக மடி.
– மடிப்பு ஒரு பக்கம் இருக்கும்படி அரை இலையாக வெட்டு.
– வெட்டிய ஓரத்தைச் சுத்தியலால் வரிசையாகத் தட்டு. தட்டத் தட்ட ஓரம் நீள்கிறது. மடிப்பு நீளவில்லை. ஆகவே தகடு வளைகிறது.
– கேஸ் டார்ச்சில் மங்கிய சிவப்பு வரும்வரை காட்டு. தண்ணீரில் போடு. இளகிவிடும்.
– மழுங்கிய கத்தியை மடிப்புக்குள் விட்டு மெல்லத் திற.

திறந்தேன். இலை. நடுநரம்பு, ஓரத்தில் அலை, நுனியில் ஒரு சாய்வு. இதில் எதையும் நான் வரையவில்லை. ஓரம் நீண்டால் வளையும் என்பது கல்லூரியில் முதல் வருடப் பாடம். அது மாவிலையாகத் திறக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். ரேஷ்மா டார்ச்சை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "அரே! மேடம்கு பல் இருக்குது!"

மாலை பார்வதி ஃபோன். இவருடைய ஒரே தங்கை, எனக்கு ஒரே நாத்தனார். லோத்குண்டாவில் ஃப்ளாட் முடிந்துவிட்டது, 31 திங்கள் கிரகப்பிரவேசம். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"உங்ககிட்ட கேட்டா இன்னொரு கடிகாரந்தான் வரும் மதினி. ஏற்கெனவே எங்க வீட்டுல மூணு மணி ஓடுது."

உண்மை. அவள் கல்யாணத்துக்கு ஒன்று, பையன் காதுகுத்துக்கு ஒன்று, வெள்ளிவிழாவுக்கு ஒன்று. கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று சோதித்துக் கொடுக்கலாம், அதனால்தான்.

மடியில் அந்தச் செம்பு இலை. "உன் வாசலுக்கு மாவிலைத் தோரணம். தகட்டில். நானே செய்கிறேன். இருபத்தொரு இலை" என்றேன்.

"மதினி, உடம்பு நல்லாருக்குல்லா?"

ஆகஸ்ட் 17, திங்கள்

மழை இல்லை. புழுக்கம்.

அலுவலகம். மெட்டலர்ஜி படித்துவிட்டு இருபத்துநாலு வருடமாகத் தரக்கட்டுப்பாடு. கருவிப்பெட்டிகளின் தகட்டில் நகக்கண் அளவு பள்ளம் இருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. இன்று பதினாறு பெட்டிக்கு ஒட்டினேன். சப்ளையர் ஆள் ஒரு பெட்டியைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மேடம், இதி டென்ட் காது, லைட்டிங்" என்றான். பள்ளம் இல்லையாம், வெளிச்சத்தின் விளையாட்டாம். விரலை வைத்துக் காட்டினேன். இறக்கி வைத்தான்.

நேற்றெல்லாம் பள்ளம் போட்ட அதே விரல்.

இவரிடம் தோரணம் பற்றிச் சொன்னேன். பேப்பரை இறக்காமல், "சரி. எதுக்கும் இருக்கட்டும், ஒரு கடிகாரம் வாங்கி வச்சிடலாமா?"

ஆகஸ்ட் 19, புதன்

ரேஷ்மா முழங்கை நீளத் தண்டவாளத் துண்டு ஒன்று கொடுத்தனுப்பினாள். பட்டறைக்கல் மாதிரி. ஆட்டோக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிவந்து, இறக்கிவைத்துவிட்டு என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

பால்கனி. சாக்கு மடித்து, அதன்மேல் தண்டவாளம். அரை மணி தட்டியிருப்பேன், கீழ்வீட்டு சுனீதா மேலே வந்தார். தெலுங்கில் கேட்டார்: அரை மணியாக என்ன மசாலா இடிக்கிறீர்கள், வாசனையே வரவில்லையே. இலையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாலை ஆறிலிருந்து ஏழுக்குள் தட்டினால் பரவாயில்லை, அவர் மாமனார் அப்போது நடைப்பயிற்சிக்குப் போய்விடுவார் என்றார். இலையைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

ஆக, முதல் செம்பு இலை போயிற்று. வருத்தம் இல்லை, ஆச்சரியம்தான்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

அலுவலகத்திலிருந்து நேராக லோத்குண்டா. பார்வதி ஃப்ளாட்டைக் காட்டினாள். இன்னும் சிமெண்ட் வாடை. சமையலறை, பூஜை அலமாரி, துணி உலர்த்தும் இடம், எல்லாம் வேகமாக. வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

தேக்குக் கதவு. நிலைக்கு மேலே இந்த ஓரம் ஒன்று, அந்த ஓரம் ஒன்று: இரண்டு ஆணி. புதுசு, பளபள.

"நானே அடிச்சேன் மதினி. ஸ்டூல்ல ஏறி."

அவள் வீட்டுக்காரருக்குப் பாதுகாப்புத் துறையில் வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து குவார்ட்டர்ஸ்தான், நாலு ஊர், ஆறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்க எழுதிக் கேட்க வேண்டும். காலிசெய்யும்போது ஆணித் துளையை எண்ணிக் குறித்துக்கொள்வார்களாம்.

"ஒரு தடவ காலண்டருக்கு அடிச்சிட்டேன். போகும்போது அந்த ஓட்டையில பல்பொடியக் குழைச்சு அடைச்சிட்டுப் போனோம்." சிரித்தாள். பிறகு ஆணியைப் பார்த்தபடி, "ரெண்டும் சும்மா நிக்கி. எல்லாரும் பூ மாலை தாரேன்னாக, நிஜ மாவிலை தாரேன்னாக. வேண்டாம்னுட்டேன். எங்க மதினி கையால செஞ்சு கொண்டாருவாகன்னு சொல்லிட்டேன்."

எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

இன்னொன்று: செம்பு வேண்டாமாம். "தேக்கு மேல செம்பு தெரியாதுலா. தங்கக் கலர்ல இருந்தா நல்லாருக்கும்."

அப்படியானால் பித்தளை. செம்பைவிடப் பிடிவாதம். ஒத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த இரண்டு ஆணி.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

வெயில், பிறகு திடீர் மழை. ஷெட் கூரையில் அது விழும் சத்தத்தில் சுத்தியல் சத்தம் கேட்கவில்லை; கையில் தெரிந்ததை வைத்துத் தட்டினேன்.

பித்தளை. ஒவ்வொரு சுற்றுத் தட்டலுக்கும் ஒருமுறை சூடு காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் பிளக்கிறது. முதல் மூன்று குப்பை. நாலாவது திறந்தது. பிறகு கை பழகிவிட்டது. மாலைக்குள் நாலு நல்ல இலை. முனையில் சிறியதாக எண் குத்தினேன்: 1, 2, 3, 4. எண் போடாமல் என்னால் முடியாது.

ரேஷ்மா நாலையும் வாங்கி, கடைசியாக இன்னொரு முறை லேசாகச் சூடு காட்டி வைத்தாள். நிறம் கறுத்தது. புளி போட்டுத் தேய்க்க வேண்டியதாயிற்று. தொட்டால் கொஞ்சம் தொய்வு.

"இது எதற்கு? வேலைதான் முடிந்துவிட்டதே."

"கடைசில ஒரு தடவை சூடு காட்டணும் மேடம். எங்க மாமா எப்பவும் அப்படித்தான்."

"காரணம்?"

"காரணம்லாம் தெரியாது. செய்யணும்."

"காரணம் சொன்னால் செய்வேன்."

"நக்கோ மேடம், எல்லாத்துக்கும் கைக்கு கைக்குன்னு கேட்டா இலை எப்ப முடியும்?"

அவள் பேச்சில் கைக்கு என்றால் ஏன். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும். ஆனால் கடைசிச் சூடு தேவையில்லை என்று முடிவு. தட்டின மினுக்கு அப்படியே இருக்கும், காற்றில் தொய்யாது, புளியும் மிச்சம். 5 முதல் அப்படியே.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

நேற்று மூன்று, இன்று நாலு. தட்டலுக்கு நடுவே சூடு காட்ட ரேஷ்மா இரவல் தந்த சின்ன டார்ச். மொத்தம் 11.

பகலில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு. வருடா வருடம் அதே ஸ்லைடுகள். பழைய காலப் பித்தளைத் துப்பாக்கித் தோட்டாக்கள். குதிரை லாயத்தின் பக்கத்தில் சேமித்தவை மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்ட கதை. தட்டி இறுக்கிய பித்தளைக்குள் இழுவிசை மிஞ்சி நிற்கும், ஈரமும் குதிரை மூத்திரத்து அம்மோனியாவும் சேர்ந்தால் பிளக்கும், லேசாகச் சூடு காட்டினால் தப்பிக்கும். பின்வரிசையில் ஒரு பையன் கொட்டாவி. ஒரு பெண் மட்டும் கேட்டாள், "மேடம், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" இல்லை, படத்தில்தான் என்றேன். எழுதிக்கொள்வதை நிறுத்திவிட்டாள்.

ஆறு முதல் ஏழு வரை தட்டினேன். சுனீதாவின் மாமனார் நடைப்பயிற்சிக்குப் போகவில்லை. கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மேலே பார்த்தபடி தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் கையைக் காட்டினார்: இன்னும்.

ஆகஸ்ட் 27, வியாழன்

21. முடிந்தது!!

(இரண்டு ஆச்சரியக்குறி. அடிக்கவில்லை, இருக்கட்டும்.)

டைனிங் டேபிளில் பரப்பினேன். ஒன்றுபோல் ஒன்று இல்லை. அலுவலகத்தில் இந்த இருபத்தொன்றில் இருபதைத் திருப்பி அனுப்பியிருப்பேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். காபி ஆறிவிட்டது.

இவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். பெருவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. உடனே எல்லாவற்றையும் வாரி, ஈரத்துணியால் துடைத்து, தட்டில் அடுக்கி, குளியலறை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். யாரும் தொடமாட்டார்கள்.

இரவு மீனுவின் வற்புறுத்தல். "அம்மா, ஃபங்ஷன்கு இந்த முடியோட வரப்போறியா? ப்ளீஸ்." அவள் தமிழில் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசினாள் என்பதற்காகவே சம்மதித்தேன். சாயம். அம்மோனியா வாடை, கண்ணில் நீர். அரைக் கிண்ணம் மிச்சம். தனக்கு முன்பக்கம் ஒரு கற்றைக்கு வேண்டும், சனிக்கிழமை போட்டுக்கொள்கிறேன் என்று கிண்ணத்தை எடுத்து உள்ளே எங்கோ வைத்தாள்.

கண்ணாடியில் யாரோ. ஐந்து வயது குறைந்த ஒரு சந்தேகப் பிராணி.

ஆகஸ்ட் 28, வெள்ளி

நாள் முழுக்க மழை. நசநசப்பு.

வாங்க:
சிவப்புக் கயிறு
மெல்லிய கம்பி
தாம்பூலப் பைக்கு வெற்றிலை (பார்வதி சொன்னது)
என் பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்துத் தர ஆள்

இவர் அலுவலகத்திலிருந்து வரும்போது ஒரு பை. என்ன என்றேன். "பல்பு" என்றார். பெரிய பல்பு.

ஆகஸ்ட் 29, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மதியம் கயிறு கோக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். முதலில் மூக்கில் குப்பென்று வாடை. மேல் தட்டில் சாயக் கிண்ணம், மூடாமல். கீழ்த் தட்டில் இலைகள்.

5ஐ எடுத்தேன். நடுநரம்பை ஒட்டி நூல் மாதிரி ஒரு கோடு. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். இலை இரண்டாகப் பிரிந்து கையில் வந்தது.

6, விரிசல். 7, விரிசல். 8, மூன்று இடத்தில். வரிசையாக, 21 வரை. பதினேழும்.

யார் தட்டைப் போட்டு உடைத்தது என்று கத்தத்தான் வாய் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கிண்ணத்தைப் பார்த்தேன். இலையைப் பார்த்தேன். சன்னலில் மழையைப் பார்த்தேன்.

குதிரை லாயம்!

தட்டி இறுக்கிய பித்தளை. ஈரத்துணி. மழைக்காலம். மூடிய அலமாரி. அம்மோனியா. ஒன்றையும் விடவில்லை நான். யாராவது சோதனைக்கூடத்தில் செய்து காட்டச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக ஏற்பாடு செய்திருக்க மாட்டேன்.

1, 2, 3, 4ஐ எடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நாலும் ரேஷ்மா கடைசியில் சூடு காட்டியவை.

குளியலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். மீனு ஓடிவந்து, "நான்னா! அம்மாகு ஏதோ ஆச்சு!" அவளுக்கு அப்பா தெலுங்கில்தான்; இவர் ஓடிவந்தார். இருபத்துநாலு வருடமாகப் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தியவளுக்கு நேரிலேயே வந்து நின்றிருக்கிறது என்பதை இவர்களுக்கு எப்படி விளக்குவது? விளக்கினேன். இவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கேட்டது: "அப்போ தோரணம்?"

சிரிப்பு நின்றது.

திங்கள் காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். இரண்டு ஆணி. எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

ரேஷ்மாவுக்கு ஃபோன்.

"சொன்னேன்ல மேடம், கடைசில சூடு காட்டுங்கன்னு."

"சொன்னாய். காரணம் இப்போது தெரிந்துவிட்டது."

"ஹவ். எனக்கும் சொல்லுங்க. மாமாவுக்கும் தெரியாது அது."

சொன்னேன். குதிரை லாயம் வரை. அவள் கொட்டாவி விடவில்லை. "யா அல்லா" என்றாள், பிறகு, "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வாங்க. பித்தளைத் தகடு தீந்துபோச்சு. செம்பு இருக்குது."

பார்வதியிடம் சொல்லத்தான் ஒரு மணி நேரம் ஆயிற்று. ஃபோனை எடுப்பதும் வைப்பதும். கடைக்குப் போய் ஏதாவது வாங்கிவிடலாம். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் பிரச்சினை. முன்பும் ஒன்றும் சொன்னதில்லை. மூன்று கடிகாரத்துக்கும் நன்றிதான் சொன்னாள்.

எடுத்ததும் நேராகச் சொல்லிவிட்டேன். உடைந்துவிட்டது, தப்பு என்னுடையது. பதினேழு விரிசல், நாலு நல்லது.

"விரிசல் விட்டத வாசல்ல மாட்டக் கூடாது மதினி. அபசகுனம்."

"நானும் மாட்டவிட மாட்டேன். ரிஜெக்ட்."

இத்தனை வருடத்தில் ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே முடிவுக்கு வந்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும். அவளுக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும். க்ளுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது.

"நாளைக்கு அந்தச் சனத்நகர் ஷெட்டுக்கா போறீக? நானும் வாரேன்."

"நாளைக்கா? உனக்கு ஆயிரம் வேலை இருக்குமே."

"சமையல்காரர் வந்தாச்சு. பந்தல்காரர் வந்தாச்சு. நான் வீட்டுல நின்னா எல்லாரையும் ஏசிக்கிட்டே இருப்பேன். அதுக்கு அங்க வந்து எதையாச்சும் அடிக்கேன்."

ஆகஸ்ட் 30, ஞாயிறு

மழை விட்டது. எட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஷெட். எனக்கு முன்னால் பார்வதி. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் டிஃபன் கேரியர், நெற்றியில் விபூதி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்; ரேஷ்மா பதறி, "நக்கோ ஆன்ட்டி, தகடு குத்தும்!" என்று திரும்பப் போடவைத்தாள்.

வேலைப் பிரிவு: நான் மடித்து வெட்டுவது. பார்வதியும் நானும் தட்டுவது. ரேஷ்மா சூடு. திறப்பது நான்.

பார்வதிக்குச் சொல்லித்தர ஐந்து நிமிடம். சுத்தியலைப் பிடித்தவிதம் சரியில்லை, அடி ஒரே இடத்தில் விழுகிறது, கோணம் தவறு. சொன்னேன்.

"மதினி, சப்பாத்திக்கும் நீங்க இப்படித்தான் சொன்னீக. வட்டமா வரலன்னு."

"வரவில்லையே."

"தின்னீகல்லா?"

ரேஷ்மா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். தீ ஆடியது.

பார்வதியின் முதல் இலை: ஒரு பக்கம் பெரிது, நுனி மேல்நோக்கி, ஓரத்தில் சுத்தியல் முனை பதிந்த குழிகள். திறந்ததும் என்னைப் போலவே சிரித்தாள். திறந்த பிறகும் ஆசை தீராமல் தட்டிக்கொண்டே இருந்தாள். வாங்கிப் பார்த்து, ஒதுக்கும் டப்பாவில் போட்டேன். கை தானாகப் போட்டுவிட்டது. அவள் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதிலிருந்து அவளுக்கு ஒரு தாளம் வந்துவிட்டது. நான் நிதானமாக இரண்டு தட்ட, அவள் வேகமாக நாலு. கேட்டால் ஒருவருக்கொருவர் பதில் சொல்வது போல இருந்திருக்கும். இருபத்தாறு வருட உறவில் இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தபோதெல்லாம் யாராவது ஆண்பிள்ளை காபி கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் அவள் கேரியர். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, மோர் மிளகாய். தண்டவாளத்தைச் சுற்றி மூன்று பேரும். ரேஷ்மா வீட்டிலிருந்து மிர்ச்சி கா சாலன், மிளகாய்க் குழம்பு, வந்தது. பார்வதி எலுமிச்சை சாதத்தில் அதை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, எப்படிச் செய்வது என்று மூன்று முறை கேட்டாள். நாளை கிரகப்பிரவேசம் உள்ளவளுக்கு இன்று இது கவலை.

நாலு மணி. செம்பில் பன்னிரண்டு நல்ல இலை. எல்லாவற்றுக்கும் கடைசிச் சூடு காட்டியாயிற்று. பழைய பித்தளை நாலு. மொத்தம் 16. அடுத்ததைத் தூக்கும்போது டார்ச் இருமியது, நீலம் மஞ்சளாயிற்று, அணைந்தது. கேஸ் தீர்ந்தது. ஞாயிறு, கடை இல்லை; சின்ன டார்ச்சை நான் முன்பே காலிசெய்துவிட்டேன்.

"பதினாறு இரட்டைப்படை. ஆகாது மதினி."

"ஒன்றை எடுத்துவிடு. பதினைந்து."

அவள் எடுக்கவில்லை. எழுந்துபோய் ஒதுக்கும் டப்பாவைக் கவிழ்த்து, தன் முதல் இலையைத் தேடி எடுத்தாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"எடுக்கறதுக்குப் பதிலா இதச் சேர்த்தா பதினேழு."

நுனி மேல்நோக்கி. குழிகள். கடைசிச் சூடும் இல்லை, காட்ட கேஸும் இல்லை. செம்பு, அதனால் பித்தளை மாதிரி சுலபத்தில் வெடிக்காது. அதை மட்டும் யோசித்துப் பார்த்தேன். வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

"சரி. பாஸ்."

"இருபத்தொண்ணுன்னு சொன்னீகளே. யாரு எண்ணப் போறா?"

"நான் எண்ணுவேன்."

"அது தெரியும்" என்றாள். கயிறு கோக்கத் தொடங்கினோம்.

ரேஷ்மா விடைபெறும்போது என் காதருகில்: "மேடம், அந்த உடைஞ்ச பதினேழையும் குப்பைல போடாதீங்க. எனக்கு ரெண்டு வேணும். அடுத்த பேட்ச்ல கைக்குன்னு யாராவது கேட்டா காட்டுறதுக்கு."

ஆகஸ்ட் 31, திங்கள்

நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்கு லோத்குண்டா. வானம் தெளிவு.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது நான். ஏறிக் கட்டியது பார்வதி, ஆணி அவளுடையது. இந்த முனை, அந்த முனை. பாலிஷ் போட்ட தேக்கில் செம்பு நன்றாகவே தெரிந்தது. நடுநடுவே பித்தளை நாலும் தங்கமாக. அவளுடைய கோணல் இலை சரியாக நடுவில். அங்கே நான் கோக்கவில்லை. நேற்றுக் கயிறு கோக்கும்போது நான் கை கழுவப் போயிருந்த நேரத்தில் செய்திருக்கிறாள்.

பால் பொங்கியது. புகையில் எல்லோருக்கும் கண்ணீர். மீனு பாவாடை தாவணியில் தடுக்கி விழப்பார்த்தாள், முன் கற்றை மட்டும் செம்பு நிறம். அவளுக்காவது அந்தச் சாயம் பயன்பட்டது.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் வாசலில் நின்று தலையை நிமிர்த்தினார்கள். பார்வதி ஒவ்வொருவரிடமும்: "எங்க மதினி செஞ்சது. சுத்தியல வச்சு." ஒரு அத்தை என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் இரண்டு. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெற்றிலை அடுக்கப் போய்விட்டேன்.

பிறகு இவர் வந்தார், வெள்ளிக்கிழமைப் பையோடு. தங்கையிடம் நீட்டினார். வண்ணக் காகிதம், ரிப்பன். வட்டமாக.

பார்வதி பிரித்தாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"எதுக்கும் இருக்கட்டும்னு..." என்றார்.

"இருக்கட்டும்ணே. நாலு மணி ஓடட்டும்." சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. புரோகிதரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

மாலை வீடு. கால் வலி. விரிசல் இலைகளை டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துவிட்டேன்; நாளை பயிற்சி வகுப்பு. நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்ட பெண்ணின் மேஜையில் முதலில் வைக்க வேண்டும். ரேஷ்மாவுக்கு இரண்டு தனியாக.

ஏழு மணிக்குப் பார்வதி ஃபோன்.

"மதினி, எல்லாரும் போயாச்சு. காத்து அடிக்கி. கேளுங்க." ஃபோனை வாசலுக்கு நேரே பிடித்தாள் போல. இலைகள் ஒன்றோடொன்று மெல்ல உரசும் சத்தம். மந்தமாக, நல்ல சத்தம். நடுவில் ஒன்று மட்டும் அவ்வப்போது கணீர், கணீர்.

"அந்த மணி மாதிரி கேக்குது பாத்தீகளா, அது என்னோடது" என்றாள். "மத்தது ஒண்ணும் அப்படி அடிக்க மாட்டேங்குது. எப்படி மதினி அது?"

கடைசியில் சூடு காட்டாதது அது ஒன்றுதான். இளகாமல் இறுகியே நிற்கிறது, அதனால் ஒலிக்கிறது. காரணம் எனக்குத் தெரியும்.

"நீ அடித்த அடி அப்படி" என்றேன்.